நாலு வீட்டுச் சாவி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது அருப்புக்கோட்டைத் தண்ணீரின் குணம் என்று என் கணவர் பாலா கேலி செய்வார். கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்தக் கோபத்தோடு கீழ் வீட்டு ஜலஜாக்காவிடம் போய், "எங்க வீட்டுச் சாவியக் குடுத்துருங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஹைதராபாத் தார்நாகாவில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் நாலு. நாலு வீட்டிலும் சின்னப் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்கள் ஒரு வீட்டிலும் கிடையாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் இன்னொரு வீட்டு ஆணியில் தொங்கும். ஒருத்தி ஆபீஸில் மாட்டிக்கொண்டால் இன்னொருத்தி கதவைத் திறந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைக்குச் சோறு போடுவாள். எங்கள் சாவி, எங்களுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருக்கும் ஜலஜாக்காவிடம் இருந்தது.

சண்டைக்குக் காரணம் அச்சுவின் உள்ளங்கையில் வந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள். என் மகன் அச்யுத்துக்கு இரண்டே கால் வயது. புள்ளிகளைக் கொசுக்கடி என்று நினைத்து, ஒரு மீட்டிங்குக்காக அவனை இரண்டு மணி நேரம் ஜலஜாக்காவிடம் விட்டேன். மறுநாள் டாக்டர் அது ஒட்டுவாரொட்டி என்றார். நாலாம் நாள் ஜலஜாக்காவின் ஐந்து வயது மகள் சாருவுக்கு வாயெல்லாம் கொப்புளம், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. நாலு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஜலஜாக்கா எழுதினார்: "பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா மறைக்காம சொல்லுங்க." பெயர் போடவில்லை. ஆனால் 'மறைக்காம' என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. நான் மறைத்தேனா? எனக்கே தெரியாததை எப்படி மறைப்பேன்? இதைப் போய்ச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சாவியைக் கேட்டேன். அவர் ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார்.

அதை வேறு யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காந்தக் கொக்கியில் மாட்டி வைத்தேன்.

போகிக்கு முந்தின நாள் காலை. பாலா ஆறரைக்கே கம்பெனி பஸ்ஸில் ஜீடிமெட்லா போய்விட்டார். மாத்திரை தயாரிக்கும் இடம். உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எடுக்க முடியும். மற்ற இரண்டு தமிழ்க் குடும்பங்களும் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டன. எங்களுக்கு மறுநாள் டிக்கெட். ஹைதராபாத் குளிர் எலும்பைக் கடித்தது. கெய்சர் கெட்டுப்போயிருந்ததால் பாத்ரூமில் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ஹீட்டர் ராடை அதில் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். கதவைச் சாத்தினேன்.

பிறகு அச்சுவுக்கு இருபது நிமிஷம் இட்லி ஊட்டிவிட்டு, துவைத்த துணியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் உள்ள வாஷ் ஏரியாவுக்குப் போனேன். நாலடிக்கு ஆறடி பால்கனி அது. துணி காயப்போடும் கம்பி, வாஷிங் மெஷின், கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். இரண்டாவது சட்டையை உதறும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம். அடுத்து, சரக்கென்று தாழ்ப்பாள்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடியில் இருக்கிறது. அதைத் தள்ளிப் போட அச்சு போன வாரம்தான் கற்றுக்கொண்டான். நான் அதை வீடியோ எடுத்துக் கைதட்டிப் பெற்றோருக்கெல்லாம் அனுப்பியிருந்தேன். போடத்தான் தெரியும், திறக்கத் தெரியாது. பெரியவர்களுக்கே அதைத் திறக்க இரண்டு கை வேண்டும்.

"அச்சு, தொறடா தங்கம்."

சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது, கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியே அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தாழ்ப்பாளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுத் தானே கைதட்டிக்கொண்டான். கம்பிக்குள் கையை விட்டேன். முழங்கைக்கு மேல் போகவில்லை. தாழ்ப்பாள் எட்டவே எட்டாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அடுப்பில் பால் இருந்தது நினைவு வந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி அணைத்தேன். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் ராடு ஞாபகம் வந்தது.

 பாத்ரூம் கதவைச் சாத்தினேன், சரி. வெளிக்கொண்டியைப் போட்டேனா? கை மேலே போனது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. நேற்றுப் போட்டது ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு? தண்ணீர் என்றால் அச்சுவுக்கு உயிர். பக்கெட்டைப் பார்த்தால் முழங்கை வரை கையை விடாமல் வரமாட்டான்.

போன் சாப்பாட்டு மேஜைமேல். சாவி ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், என் கண்ணெதிரே. ஃப்ரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

"பகவதி! பகவதி!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். மேல் வீட்டுத் தமிழ்க்காரி பகவதி ஊருக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டேன். கீழே கூப்பிட வாய் வரவில்லை. என் பிள்ளை உள்ளே தனியாக இருக்கும்போது நான் ரோஷம் பார்த்தேன். அதை இப்போது எழுதும்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அச்சு ஜன்னலை விட்டு ஒரு அடி நகர்ந்தான். "அம்மா, குளி" என்றான்.

"ஜலஜாக்கா!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அக்கா! ஜலஜாக்கா!"

கீழே வாஷ் ஏரியாக் கதவு உடனே திறந்தது. "ரோகிணி? கைக்கு இப்படிக் கத்துற? என்னாச்சு?" ஜலஜாக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழுக்கு நடுவே, ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் உருது தானாக வந்து விழும்.

"வெளில மாட்டிக்கிட்டேன்க்கா. அச்சு தாழ்ப்பாப் போட்டுட்டான். பாத்ரூம்ல ஹீட்டர் ராடு ஓடுது. கொண்டி போட்டேனான்னு தெரியலக்கா."

 சாவி எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன்.

"டென்ஷன் நக்கோ. நான் கீழ போயி மெயினை இறக்குறேன். சங்கர் எப்பவும் போன எடுக்க மாட்டான், அவனையும் தேடிப் பிடிச்சு அனுப்புறேன். சாருவ மேல அனுப்புறேன், கதவுகிட்ட நின்னு அச்சுவக் கூப்பிடுவா. அவ கூப்பிட்டா வருவான். நீ அவன அந்தப் பக்கம் அனுப்பு."

சங்கர் எங்கள் வாட்ச்மேன். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம், வெளியிலிருந்து சாவி இல்லாமல் அதை உடைக்கத்தான் வேண்டும்.

"அனுப்பவா? இங்க நின்னா எனக்குத் தெரியுறான்க்கா. அங்க போற வழியிலதான் பாத்ரூம் இருக்கு."

"எத்தன நேரம் ஜன்னல்ல நிக்க வெப்ப? ரெண்டு வயசுப் புள்ள. தானாப் போனா எங்க போவான்னு தெரியாது. சாரு கூப்பிட்டா நேரா கதவுக்குப் போவான். சொல்றதக் கேளு." செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காக்கா பாட்டுப் பாடினேன், மூக்கைப் பிடித்துக் காட்டினேன், கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே போட்டேன். ஏழு கிளிப்பு வரை பொறுக்கினான். எட்டாவதை அவன் பார்க்கவேயில்லை. திரும்பி வீட்டுக்குள் பார்த்தான்.

அப்போது காலிங் பெல் அடித்தது. வாசலில் சாருவின் குரல். "அச்சூ! இக்கட ரா! சாரு அக்கா வச்சிந்தி!" இங்கே வா, சாரு அக்கா வந்திருக்கிறாள் என்கிறாள். சாரு பள்ளிக்கூடம் போனதிலிருந்து தெலுங்கில்தான் பேசுவாள். அச்சுவுக்கும் விளையாட்டென்றால் தெலுங்குதான்.

"போடா கண்ணு," என்றேன். "சாரு அக்கா கூப்பிடுறா பாரு. ஓடு. நேரா அக்காட்ட ஓடு."

ஓடினான். அந்தச் சின்ன முதுகு சமையலறை வாசலில் திரும்பி மறைந்தது. பெற்ற பிள்ளையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நானே அனுப்பிவைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். சாருவின் குரல் மட்டும் கேட்டது. ஏதோ கதவுக்கு அடியில் தள்ளுகிறாள், "தீஸ்கோ, தீஸ்கோ" என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அச்சுவின் சத்தம் இல்லை. போய்ச் சேர்ந்தானா? பாதியில் திரும்பினானா? ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. நின்னு தொலையேன், நின்னு தொலையேன் என்று அதனிடம் கெஞ்சினேன்.

பிறகு கிக்கென்று அச்சு சிரித்தான். கதவுப் பக்கத்திலிருந்துதான். 

இன்னும் எத்தனை நேரம் போனதோ தெரியாது. திடீரென்று ஃப்ரிட்ஜ் நின்றது. மேலேயும் கீழேயும் யாரோ "கரெண்ட் போயிந்தி!" என்று கத்தினார்கள். எது எங்கள் மீட்டர் என்று தேட நேரமில்லாமல் ஜலஜாக்கா வரிசையாக எல்லா வீட்டு மெயினையும் இறக்கியிருந்தார். நான் சாமி பெயர் தெரிந்தவரை சொன்னேன். ஷாக் இனி இல்லை. ஆனால் அரை மணிக்கும் மேல் காய்ந்த தண்ணீர் அந்த பக்கெட்டில் இருந்தது. பெரியவர்கள் விரல் வைத்தாலே தோல் உரிந்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால்?

மாடிப்படியில் கனமான காலடிகள். சங்கர் வந்துவிட்டான் போலிருக்கிறது. அடுத்த நொடி டமாரென்று ஒரு சத்தம், வாசல் கதவில் கடப்பாரை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சுவுக்குப் பெரிய சத்தம் ஆகாது. மிக்ஸி போட்டால்கூட ஓடிப்போய் ஒளிந்துகொள்வான். அவன் ஒளியும் இடம் பாத்ரூம் கதவின் பின்னால்.

"நிறுத்துங்க! இடிக்காதீங்க! சங்கர், இடிக்காத!" தொண்டை கிழியக் கத்தினேன். டமார். டமார். யாருக்கும் கேட்கவில்லை. அச்சு வீறிட்டு அழுதான், அழுகை கதவிலிருந்து நகர்ந்து வீட்டுக்குள் வந்தது. கொண்டி போட்டேனா? போட்டிருந்தால் அவன் கதவை முட்டிவிட்டு என்னிடம் வருவான். சமையலறை வாசலையே பார்த்தேன். அவன் வரவில்லை.

மரம் பிளக்கும் சத்தம். ஏதோ தரையில் விழுந்து உருண்டது. தண்ணீர் கொட்டியது போல இருந்தது, சரியாகத் தெரியவில்லை. அச்சுவின் அழுகை சட்டென்று நின்றது. ஜலஜாக்கா "ஐயோ!" என்றார். ஒரே ஒரு தரம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"அக்கா!" என்றேன். "அக்கா, என்னாச்சு? சொல்லுங்கக்கா!"

 நான் ஒருத்தி பின்னால் நிற்கிறேன் என்பதே யாருக்கும் நினைவில்லை. வீட்டுக்குள் ஒரு பெண் விம்மி விம்மி அழுவது கேட்டது. ஜலஜாக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. எதற்கு அழுகிறார்? என் பிள்ளை சத்தம் ஏன் கேட்கவில்லை? கம்பியில் நெற்றியை முட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பாலாவிடம் என்ன சொல்வேன் என்றுகூட அந்த நிமிஷத்தில் யோசித்தேன்.

சமையலறை வாசலில் சாரு வந்து நின்றாள். கவுனின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. மூச்சு இரைத்தது.

"சாரு! அச்சு எங்கடி? அச்சு எங்க?"

"அம்மா தக்கர உன்னாடு," என்றாள். அம்மாவிடம் இருக்கிறான்.

"ஏன் அழல? ஏன்டி சத்தமே இல்ல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அழாத பிள்ளையைப் பற்றி நான் ஏன் இப்படி அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு வேறு குறை இருந்தது. ஜன்னலுக்கு வந்து, நுனிக்காலில் எம்பி, வலது கையைக் கம்பிக்குள் நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னதாகப் பல் பதிந்திருந்தது, இரண்டு இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"வாடு கொரிகாடு ஆன்ட்டி," என்றாள். அவன் கடித்துவிட்டானாம். கதவு பிளந்த இடைவெளியில் பெரியவர்களுக்கு முன்னால் அவள்தான் நுழைந்து ஓடியிருக்கிறாள். அவன் பக்கெட் விளிம்பைப் பிடித்து எம்பிக்கொண்டிருந்தானாம். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாளாம். திமிறியதில் பச்சைத் தண்ணீர் மக்குதான் விழுந்து உருண்டதாம், பக்கெட் சாயவில்லையாம். கத்தினானாம், அப்புறம் கடித்தானாம்.

"அயினா நேனு வதல்லேது," என்றாள். ஆனாலும் நான் விடவில்லை.

வாய் நிறைய அவள் கையைக் கவ்விக்கொண்டிருந்ததால்தான் என் பிள்ளையின் அழுகை நின்றிருக்கிறது. இப்போது ஹாலிலிருந்து "அம்மா" என்று அவன் கூப்பிட்டான்.

தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லி ஜலஜாக்காவைக் கூப்பிட வேண்டும், ஓடிப்போய் அவனைத் தூக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. கம்பிக்குள் நீண்டிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பத்து நாளுக்கு முன்னால் என் பிள்ளையால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடந்த குழந்தை அவள். பல் பதிந்த இடத்தில் முகத்தை வைத்து அழுதேன். "ஆன்ட்டி, வலிக்குது," என்று அவள் தமிழில் சொன்ன பிறகுதான் விட்டேன்.