அப்பா இழைத்த ஹினோகி

"கூண்டுக்குள்ள அடியில என்ன விரிக்கிறே?" என்று மிருக டாக்டர் நாகாய் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வீட்டைவிட்டு வெளியே வந்தே நாலு மாதமாகியிருந்தது. மேஜைமேல் துண்டுக்குள் சுருண்டு கிடந்த ஒகாராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மரச்சீவல்தான் டாக்டர். எல்லாரும் போடுறதுதான்" என்று அம்மா முந்திக்கொண்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அது மார்ச் மாதம்.

ஒகாரா என் ஹாம்ஸ்டர், கைக்குள் அடங்கும் வளர்ப்பு எலி. சோயா பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்திய குளிர்காலத்தில் அம்மா வாங்கி வந்தாள். "இதுகிட்டப் பேசு. திருப்பிப் பேசாது. உனக்கு ஏத்த ஆளு" என்றாள். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சொறிய ஆரம்பித்தது. வயிற்றில் முடி கொட்டி, பாதமெல்லாம் சிவந்துபோனது.

டாக்டர் ஒகாராவின் தோலில் டேப்பை ஒட்டி எடுத்துப் பார்த்தார். "பூச்சி எதுவும் இல்ல. ஒவ்வாமையாத்தான் இருக்கணும். தீனியில ஒண்ணொண்ணா நிறுத்திப் பாரு. ஒரு தடவைக்கு ஒண்ணுதான். மறக்காம எழுதி வை."

எழுதுவது எனக்கு வரும். பாதியில் நின்ற கணக்கு நோட்டில் மீதிப் பக்கங்கள் இருந்தன. ஒகாரா விழிக்கும் மாலை ஆறு மணிக்குக் கால்மணி நேரம் உட்கார்ந்து, எத்தனை தடவை சொறிகிறது என்று எண்ணுவேன். சூரியகாந்தி விதையை நிறுத்தினேன். முப்பத்தொன்று. முட்டைக்கோஸை நிறுத்தினேன். முப்பத்துநாலு. வேறு கம்பெனித் தீனி, துண்டு துவைக்கும் சோப்பு, தண்ணீர்ப் புட்டி என்று ஐந்து மாதம் ஓடியது. எண் இறங்கவே இல்லை.

மரச்சீவலை நான் சந்தேகப்படவே இல்லை. எங்கள் ஊரில் யாரும் பட்டிருக்க மாட்டார்கள். அது ஹினோகி மரத்துச் சீவல். குளிக்கும் தொட்டி ஹினோகி, காய் நறுக்கும் பலகை ஹினோகி. யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் சீவலைத் துணியில் கட்டி வெந்நீரில் போடுவார்கள். அந்த வாசனை என்றாலே சுத்தம், ஆரோக்கியம். அதனால் ஒகாரா அதிகமாகச் சொறியச் சொறிய நான் சீவலை இன்னும் கனமாகப் பரப்பினேன்.

அதைக் கொடுத்தது அப்பா. மரமில்லில் வேலை செய்கிறார். நான் பள்ளிக்குப் போக மறுத்த ஒரு காலையில், கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றிப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் கார்க் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு மதியம்வரை இறங்கவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஒகாரா வந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் என் அறை வாசலில் ஒரு காகிதப் பை இருக்கும். மெஷின் கழித்த தூள் இல்லை. கணு இல்லாத மரமாகப் பார்த்து, வேலை முடிந்தபின் அவரே கையால் இழைத்த சுருள்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். பையின் வாயை நூலால் கட்டியிருப்பார். நோய் வந்ததிலிருந்து சில வாரம் இரண்டு பை இருக்கும்.

ஆகஸ்டில், இறந்த முன்னோர் வீடு வந்துபோகும் பண்டிகை நாட்களுக்காக அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தார். மில்லும் மூடல். பை வரவில்லை. கூண்டில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன். நோட்டில் எண்கள் இறங்கின. இருபத்திரண்டு. பதினாலு. ஒன்பது. வயிற்றில் தூசு மாதிரி முடி முளைத்தது.

அடுத்த சனிக்கிழமை பை வந்தது. என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒரு மூலையில் மட்டும் ஒரு பிடி சீவலைப் போட்டேன். மறுநாள் இருபத்தேழு.

அதன்பின் நான் சீவலைப் போடவில்லை. ஆனால் பையை வாசலிலேயே விட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் சனிக்கிழமை என் வாசலுக்கு வர அவருக்கு வேறு காரணம் இல்லை. அதனால் வந்த பையையெல்லாம் என் அறை அலமாரியில் அடுக்கினேன். அக்டோபருக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. ஒகாராவின் சொறி குறைந்தது. ஆனால் மூச்சில் கீச்சென்று சத்தம் வந்தது. கண்ணில் பீளை கட்டியது.

மறுபடி டாக்டரிடம் போனோம். பெட்டியின் மூடியைத் திறந்ததும் அவர் முகர்ந்து பார்த்தார். "என்ன இது, குளியலறை வாசனை அடிக்குது?"

அம்மா சிரித்தாள். "எங்க வீட்டுல யாரைப் பக்கத்துல கூப்பிட்டாலும் இதே வாசனைதான் டாக்டர். இவ அப்பா மரமில்லுல இருக்காரு. நான் கல்யாணம் பண்ணினது மனுசனையா மரத்தையான்னு எனக்கே சந்தேகம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நான் நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். பக்கம் பக்கமாகப் படித்தார்.

"ஆகஸ்ட்லயே கண்டுபிடிச்சிட்டியே. நான் கேட்டிருக்கணும், என்ன மரம்னு." அப்புறம் கேட்டார், "மிச்சச் சீவலெல்லாம் எங்க?"

"அலமாரில."

"அதே ரூம்லயா?"

"ம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தோல்ல இருந்தது இப்ப நெஞ்சுக்குப் போயிருச்சும்மா. வயசும் ஆயிருச்சு. சரியாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். மூச்சு விடுறதாவது சிரமமில்லாம இருக்கணும்னா அந்த வாசனையே ரூம்ல இருக்கக்கூடாது. பை மட்டுமில்ல. மில் சட்டையோட யாரும் உள்ள வரக்கூடாது."

ரயிலில் அம்மா சொன்னாள், "அவர்கிட்ட நீயே சொல்லிடு மிஹோ."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"ஆமா, நீங்க ரெண்டு பேரும் ஊமை, நடுவுல நான் தபால்காரி. ரெண்டு வருசமா சம்பளம் இல்லாத வேலை."

சனிக்கிழமை ஒன்பது பைகளையும் எடுத்து அறைக்கு வெளியே வைத்தேன். நோட்டில் 'அப்பா' என்று எழுதினேன். மேலே ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். கையில் பத்தாவது பை. வழியில் வரிசையாக நின்ற பைகளைப் பார்த்து நின்றார். குனிந்து ஒன்றைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள். "அதுக்கு அந்த மரம் ஒத்துக்கலையாங்க. அதனாலதான் சொறியாம். வாசனைகூட ஆகாதுன்னு டாக்டர் சொல்றாங்க. உங்க சட்டையில இருக்கிறதுகூட." கொஞ்சம் விட்டு, "இவளுக்கு ஆகஸ்ட்லயே தெரியுமாம்" என்றாள்.

என் அறைக் கதவு திறந்திருந்தது. அப்பா ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. என்னைப் பார்த்தார். கூண்டில் ஒகாரா மூச்சுவிடும் கீச்சொலி எங்கள் இருவருக்கும் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

அப்பா தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்தார். பத்துப் பைகளையும் ஒரே தடவையில் நெஞ்சோடு சேர்த்து அள்ளினார். ஒரு பை நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது அவர் முகம் தெரியவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.