பூனைகிட்ட சொன்ன பக்குவம்

எங்கள் வீட்டில் அப்போது புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு கிடையாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தன் அக்கா குடும்பத்தை அடுத்த மாதத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு எதுவானாலும் எங்கள் பூனை குண்டனிடம்தான் சொல்வோம்.

"குண்டா, உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கல."

வெட்கக்கேடுதான். ஆனால் இறங்கி வர இரண்டு பேருக்கும் மனசில்லை.

இந்த லட்சணத்தில் குண்டன் தெருப்பூனையோடு சண்டை போட்டுக் கழுத்தில் கடி வாங்கி வந்தான். சீழ் கட்டிவிட்டது. அவர்தான் டாக்டரிடம் தூக்கிப் போனார். திரும்பி வந்து ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையைத் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தார். குண்டனைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. என்னவென்று கேட்டால் நான் தோற்ற மாதிரி ஆகிவிடுமே! கேட்கவில்லை.

மாத்திரை கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. துண்டில் சுருட்டி, வாயைத் திறந்து போட்டு, தொண்டையைத் தடவி விடுவேன். கையெல்லாம் கீறல். கழுத்துப் புண் ஆறியது, ஆனால் சாப்பாடு நின்றுபோனது. ஒரு வாய் வைப்பான், விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டித் திணறுவான், எச்சில் ஒழுக ஓடிவிடுவான். மீன் வைத்தேன், கோழி வேகவைத்தேன், எதுவும் எடுபடவில்லை. "அவ்வளவு திமிரா உனக்கு?" என்று கத்தினேன். தூக்கும்போது அவன் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டதும் அழுகை வந்துவிட்டது.

இரண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"மாத்திரை குடுத்ததும் தண்ணி குடுத்தீங்களாம்மா?"

"தண்ணியா?"

"அய்யோ! வெறும் மாத்திரை உள்ள ஒட்டிக்கிட்டு உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும்மா. பூனைங்களுக்கு இந்த மருந்துல அதுதான் பெரிய தொல்லை. உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அவர் பக்கம் திரும்பினார். "இவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர்," என்றார் அவர் தரையைப் பார்த்து. "பூனைகிட்ட."

மானம் போயிற்று. டாக்டரம்மா சிரிக்கக்கூட இல்லை. மருந்தை மாற்றினார். சாப்பாட்டைக் கூழாக அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இதுவும் இறங்காவிட்டால் குண்டன் பிழைப்பது கஷ்டம் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் சிரிஞ்சை எடுத்ததுதான் தாமதம், குண்டன் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். மாத்திரை திணித்த கை ஆயிற்றே. அவர் தரையில் படுத்து, கொஞ்சிக் கெஞ்சி வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"முழுங்குறானாங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முழுங்குறான். நீ மட்டும் கிட்ட வராத. உன்னைப் பாத்தாதான் நடுங்குறான்."

நான் அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.