பதினோரு சுற்றும் ஒரு மாத்திரையும்

ஆறு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவள் நான். இந்த முறையும் கோட்டைவிட்டால், திங்கட்கிழமை சேரவேண்டிய ரொட்டிக்கடை வேன் வேலை அம்பேல். அதனால், "நான் சொல்ற வரைக்கும் வண்டிய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஃபெயில்" என்று தேர்வு அதிகாரி சொன்னதும், என்ன ஆனாலும் நிறுத்துவதில்லை என்று முடிவுகட்டினேன்.

பாவம், எங்களைப் போன்றவர்களோடு தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மனிதர். பதற்றத்துக்கும் வயிற்றுவலிக்கும் சேர்த்து டாக்டர் ஒரே மாத்திரை கொடுத்திருந்தாராம். என் முறை வருவதற்குள் ஒன்றை விழுங்கியவர், இருமலுக்கென்று ஒரு பாட்டிலை எடுத்து, அளக்காமல் மடக்கு மடக்கென்று குடித்தார்.

பத்து நிமிடத்தில் குறட்டை.

"சார், இடதா, வலதா?"

ரவுண்டானா வந்தது. எந்தப் பக்கம் பிரிவதென்று தெரியாமல் சுற்ற ஆரம்பித்தேன். பதினோரு சுற்று. போக்குவரத்துக் காவலர் முதல் சுற்றில் முறைத்தார், ஐந்தாவதில் சிரித்தார், ஒன்பதாவதில் சல்யூட் அடித்தார்.

அப்போது குறட்டை நின்றது. அப்பாடா என்று திரும்பிப் பார்த்தால், அவர் உதடு நீலம்பாரித்திருந்தது. மூச்சு எப்போதாவது ஒன்றுதான் வந்தது. வேலையாவது மண்ணாவது! ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் பிரேக்கை மிதித்தேன்.

அவர் கண் விழித்ததும், மாத்திரை கொடுத்த அதே டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். "இந்த மாத்திரையே தூக்கத்த வரவைக்கும். அந்த இருமல் மருந்தும் அதே ரகம். ரெண்டும் சேர்ந்தா மூச்சே அடங்கிடும். வேற என்ன சாப்பிடுறீங்கன்னு அன்னைக்கே கேட்டேனே!"

"இருமலுக்குக் குடிக்கிறதெல்லாம் மருந்துல சேர்த்தியா? சரி, இனி அந்த மாத்திரையத் தொடவே மாட்டேன்."

"நீங்களா சட்டுனு விட்டாலும் உடம்பு படுத்தும். நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தேர்வுப் படிவத்தை எடுத்து எழுதினார்: 'உத்தரவின்றி நிறுத்தினார். ஃபெயில்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் நிறுத்தலைன்னா நீங்க செத்திருப்பீங்க சார்!"

"உண்மைதாம்மா. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். கையெழுத்தையும் போட்டார்.

"நீங்க இன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. இந்தப் பொண்ணே வீட்டுல கொண்டுபோய் விடட்டும்" என்றார் டாக்டர்.

அதிகாரி பதறிவிட்டார். "எப்படி டாக்டர்? லைசென்ஸ் இல்லாதவங்களாச்சே!"

கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிப்போனேன். திங்கட்கிழமை வரை எனக்கென்ன அவசரம், அதற்குப் பிறகும்தான் என்ன.