அத்தை ஊற்றிய தண்ணீர்

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டில் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. கோயிலுக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் அது வரும். மற்ற நாளில் மாடு கறப்பேன், தக்காளி பறிப்பேன், ஒன்றும் இருக்காது. வெள்ளிக்கிழமை முனியப்பன் கோயிலுக்கு என்று தலை குளித்தால் போதும், ஈரத் தலையோடு கண் நிலைகுத்தி, வாய் எதையோ மென்றுகொண்டு, கேட்டதற்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பேனாம். சில சமயம் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தும் விடுவேன். கோயிலுக்கு வர அதற்கு இஷ்டமில்லை, அதனால்தான் மல்லுக்கட்டுகிறது என்றார் பூசாரி ஆண்டி. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அடுத்த வெள்ளியும் தலை குளித்துக் கிளம்பினோம்.

என் மாமியார் கோவிந்தம்மாளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கம்பைநல்லூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் என்றால் விறகடுப்பில் அண்டா கொதிக்கும். எனக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, ஆவி பறக்கிற தண்ணீரைச் செம்பு செம்பாக மூச்சுவிடாமல் ஊற்றுவார். பெற்ற மகளுக்குக் கூட அப்படி ஒரு கவனிப்பு கிடைக்காது. எனக்கும் அது அத்தனை சுகம். "இன்னும் ஊத்துங்கத்தே" என்று நானே கேட்பேன். மருமகள் ஆசைப்படுகிறாளே என்று அவரும் ஊற்றுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஊற்றி முடித்து அவர் துண்டு எடுக்க உள்ளே போன நேரம், என் மகள் பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஆரம்பித்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது அத்தையின் அலறல். குழந்தை மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறேன். பாப்பா மூச்சுத் திணறிப் போயிருந்தாள். பிழைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே என் கணவர் குரு அவளை ஏரியூரில் என் அம்மா சாலம்மாளிடம் கொண்டுபோய் விட்டார். எனக்கு முழுசாகக் குணமானதும் கூட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒன்றும் இல்லை என்ற செய்திக்குத் தேம்பித் தேம்பி அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் மருத்துவ முகாமுக்கு சோபனா வந்தார். பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர். மற்ற டாக்டர்கள் எல்லாம் வலிப்பு வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டார்கள். இவர் அதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன் என்றேன். கிளம்புவது என்றால் என்னென்ன என்று விடாமல் நோண்டினார். குளிப்பேன், புடவை கட்டுவேன், பூ வைப்பேன். தலைக்குச் சுடுதண்ணீரா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. மருமகளுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்குத் தான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை என்றார்.

அவர் வரச் சொன்னபடி அத்தையும் நானும் பெங்களூருக்குப் போனோம். அங்கே என் தலை முழுக்க வயர்களை ஒட்டி, நனையாமல் பசை பூசி உட்கார வைத்தார்கள். மூளையில் எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது என்று திரையில் கோடு கோடாகத் தெரியுமாம். ஒரு நர்ஸ் அபிஷேகம் செய்வது போல அவ்வளவு பதமாகத் தண்ணீர் ஊற்றினார். கோடுகள் அது பாட்டுக்கு ஓடின. இங்கேயும் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டால் பாப்பா ஏரியூரிலேயே வளர்ந்துவிடுவாள், என்னை யாரோ என்று பார்ப்பாள்.

சோபனா திரையை விட்டு அத்தையின் பக்கம் திரும்பினார். பிறகு, வீட்டில் ஊற்றுகிறவரே ஊற்றட்டும், வீட்டில் ஊற்றுகிற மாதிரியே ஊற்றட்டும் என்றார். வலிப்பு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்டார். என்னையும் ஒருவர் கேட்டாரே என்று இருந்தது. சரி என்றேன்.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செம்பை எடுத்தார். இன்னும் ஊத்துங்கத்தே என்று நான் கேட்டது வரைக்கும் தெரியும். கண் விழித்தபோது அவர் கையில் செம்போடு சுவரோரமாக ஒண்டி நின்றிருந்தார். திரையில் காதுக்கு மேலே ஓரிடத்தில் கிளம்பிய துடிப்பு மற்ற இடங்களையும் எப்படி இழுத்துக்கொண்டது என்று சோபனா அவருக்குக் காட்டினார். ஊரில் இருக்கிற மோட்டாரெல்லாம் ஒரே கரண்ட் லைனில் ஒன்றாக ஓடினால் லைன் தாங்குமா என்று கேட்டார். சூடும் தண்ணீர் விழுகிற வேகமும் சேர்ந்து வரும்போது என் மூளையில் அந்த இடம் தாங்குவதில்லை. இன்னும் ஊற்று என்று நான் கேட்பதே வலிப்பின் ஆரம்பம்தானாம். வெதுவெதுப்பான தண்ணீரை நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும், தலை குளிக்கிற நாளில் முன்கூட்டியே ஒரு மாத்திரை போட வேண்டும். அவ்வளவுதான்.

"அப்ப பேயில்லீங்களா?" என்றார் அத்தை.

"இல்லீங்கம்மா."

திரும்பி வரும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கம்பைநல்லூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அத்தை அதைக் கண்டுகொள்ளாமல் நடந்துபோய், ஏரியூருக்குப் போகிற வழியான பென்னாகரம் பஸ்ஸில் ஏறினார். நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன்.

ஏரியூரில் என் அம்மா பாப்பாவைத் தரத் தயங்கினார். முழுசாகக் குணமான பிறகு என்றுதானே பேச்சு என்றார். நியாயம்தான். அத்தை நின்றபடியே சொன்னார்.

"உங்க மக கலைக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. கொதிக்கக் கொதிக்க நாந்தான் ஊத்துனேன். புள்ளயக் குடுங்க, எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

அந்தப் பழியை யாரும் அவர் மேல் போடவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். என்னைப் பிடிக்காத மாமியாராக இருந்திருந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பார், எனக்கு ஒன்றுமே வந்திருக்காது. சோபனாவுக்கு வாயால் நன்றி சொல்லிவிட்டேன். அவர் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நெஞ்சு பதறும். அத்தைக்குத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் குளியலறைப் பக்கமே வரவில்லை. குருவை ஊற்றச் சொல் என்றார். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தேன்.

"நீங்கதான் ஊத்தணும் அத்தே."

தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்தார். ஒரு செம்பு ஊற்றிவிட்டுக் குனிந்து என் கண்ணைப் பார்த்தார். இன்னொரு செம்பு, திரும்பவும் கண்ணைப் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. போதுமா என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே போதும் என்றிருந்தது. சொன்னேன்.

செம்பைக் கீழே வைத்தார். பிறகு பாப்பாவைத் தூக்கி வந்து என் காலில் படுக்க வைத்துவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.