பத்து மணிக்குள் சி ரூசா

பூசாரி திருநாவுக்கரசு நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது காலை மணி எட்டு. சூடம் காட்டிய தட்டிலிருந்து கார் சாவியை எடுத்து, ரதியின் கையில் பயபக்தியோடு கொடுத்தார். சாவி என்று நம்பித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தனம், அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டு, அதன்மேல் ஒன்பது சுற்றுச் சிவப்புக் கயிறு என்று அது ஒரு சின்ன சாமியாகவே மாறியிருந்தது.

ரதி பின்பக்கக் கதவுக்குள் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே பெட்டிகளில் மாலைகள் மணமாகப் படுத்திருந்தன. பொண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, சம்பந்திமார்களுக்கு ஆறு. திருப்தியோடு கதவை அறைந்து மூடினாள். ‘டக்’ என்று நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

பூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவள் திறக்கும் பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். இடது கையில் மாற்றி அமுக்கினாள். கார் அவளைத் தெரியாத மாதிரி நின்றது.

“என்ன ரதி?” என்றான் அவள் புருஷன் தர்மராஜ்.

“திறக்க மாட்டேங்குது.”

“கொண்டா இங்க.” அவன் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினான். சட்டையில் துடைத்தான். தாடையில் வைத்து அமுக்கினான். “யூட்யூப்ல பாத்தேன் லா, தாடையில வச்சா தூரம் எட்டும்.”

“கார் மூணு அடியிலதானே நிக்குது, இன்னும் எங்க எட்டணும்?”

செம்பனைக் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் எஸ்டேட் முனீஸ்வரன் கோயில் அது. வெயில் ஏற்கெனவே காரின் கூரையில் உட்கார்ந்துவிட்டது. இங்கிருந்து சி ரூசா கடற்கரை மண்டபத்துக்கு ஐம்பது நிமிஷ ஓட்டம். முகூர்த்தம் பத்தரைக்கு. ஆனால் சீதாலெட்சுமி ஆச்சியின் கணக்கில் பத்தே முக்கியம். சிரம்பான் டவுனில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் வீட்டு அம்மாள், பேத்தி கல்யாணத்து மாலை ஆர்டரை ரதிக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “பத்து மணிக்கு மாலை மண்டபத்துல இருக்கணும். பத்து அஞ்சுக்கு நான் அம்பாங்கான் கடை மாலைய வாங்கிருவேன். அவுக வாசல்லயே வண்டியோட நிப்பாக. அப்புறம் நீ கோவிச்சுக்கப்படாது.”

வீட்டுக் கூடத்தில் கோயிலுக்குச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த ரதிக்கு இது முதல் மண்டபக் கல்யாணம். ஆச்சி தலையாட்டினால் சிரம்பானில் பத்து வீடு தலையாட்டும். தலையைத் திருப்பிக்கொண்டாலும் அதே பத்து வீடுதான்.

“உள்ள இரும்புச் சாவி ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்மா” என்றார் பூசாரி. அவருடைய மருமகன் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அந்த அளவுக்கு அவருக்கும் ஞானம் உண்டு.

இருக்க வேண்டும்தான். ரதி சாவியின் அடிப்பக்கத்தை இழுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் வெறும் ஓட்டை. போன வாரம்தான் பழைய கார் வாங்கினாள். கதவுக் கைப்பிடியில் இருக்கும் கறுப்புப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்து, அதையே வைத்து இரண்டு மணி நேரம் பேசி, தரை விரிப்பும் கண்ணாடிக்கு நிழல் தாளும் சும்மா வாங்கினாள். விற்றவன் அழாத குறை. சாவிக்குள் சாவி இருக்கிறதா என்று மட்டும் அவள் பார்க்கவில்லை. அவன் அழாமல் விட்டதற்குக் காரணம் இப்போது புரிந்தது.

“பேட்டரிதான்” என்று தர்மராஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பூசாரியின் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் பறந்தான்.

அவன் திரும்பி வந்தபோது எட்டு முப்பத்தைந்து. ரதி கயிற்றைச் சாவியின் வளையப் பக்கமாக மெல்ல உருட்டித் தள்ளிவிட்டு, இருபது சென் காசை இடுக்கில் விட்டு நெம்பினாள். மூடி திறந்தது. பழைய பேட்டரியின் எழுத்துப் பக்கம் மேலே பார்த்திருந்தது. புதியதையும் அப்படியே வைத்தாள். தகட்டில் சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மூடினாள்.

பொத்தானில் விரலை வைக்கும் முன் பூசாரி குறுக்கே வந்தார். “கயித்த எடத்துல வச்சிட்டு அமுக்கும்மா. காப்பு இல்லாம வண்டியத் தொடாத.”

அதுவும் சரிதான் என்று கயிற்றைப் பழைய இடத்துக்கே இறுக்கமாக உருட்டிவிட்டு அமுக்கினாள்.

கார் அசையவில்லை.

“போச்சு” என்ற தர்மராஜ் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். “பின்னாடிக் கண்ணாடிய ஒடச்சிரலாம் லா. மாலை போய்ச் சேரட்டும், கண்ணாடி அப்புறம் பாப்போம்.”

“கல்லக் கீழ போடுங்க. மல்லிகைக்குள்ள கண்ணாடித் தூள் போனா அது பொண்ணு கழுத்துல போய் உக்காரும்.”

“அப்ப ஒரே வழி, ஆச்சிக்கு போன் பண்ணி…”

“பண்ணி? வர முடியலன்னு சொல்றதுக்கு முன்னாடி அம்பாங்கான் வண்டி உள்ள பூந்துரும்.”

சொல்லி வைத்ததுபோல் போன் அடித்தது. ஆச்சிதான்.

“ரதி, எங்க ஆத்தா இருக்க?”

“வண்டிகிட்டதான் நிக்கிறேன் ஆச்சி. பூ நல்லா குளுகுளுன்னு இருக்கு.” இரண்டும் உண்மை. எந்த உண்மையை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“பத்து மணி.”

“பத்து மணி ஆச்சி.”

போனை வைத்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தாள். மணி எட்டு ஐம்பது. ஒன்பது ஐந்துக்குள் கிளம்பினால்தான் உண்டு. தர்மராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டினாள். பழைய கார் விற்றவனிடம் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்தாள்: எதிரி என்ன மறைக்கிறான் என்று பார்க்கும் உட்காரல்.

கார் வாங்கியதிலிருந்து இன்று காலை வரை சாவி ஒழுங்காக வேலை செய்தது. பேட்டரி புதுசு. அப்படியானால் காலைக்கும் இப்போதைக்கும் நடுவே நடந்தது ஒன்றே ஒன்று: பூசை.

முந்தானையால் சாவியை அழுத்தித் துடைத்தாள். சந்தனம் போனது. பெரிய குங்குமப் பொட்டும் போனது. அதன் அடியில், அரிசி அளவில், சாவியின் சொந்தச் சிவப்பு விளக்கு. அது விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவள் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.

“ஏங்க, நான் அமுக்கல. யாரு அமுக்குறா?”

தர்மராஜ் முனீஸ்வரன் சிலையை ஒருமாதிரியாகப் பார்த்தான்.

“சாமி இல்லங்க! இங்க பாருங்க.” கயிற்றின் ஒன்பது சுற்றும் பூட்டும் பொத்தானின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன, மூன்றாவது முடிச்சு சரியாக அதன் நடு மண்டையில். “பூட்டு பூட்டுன்னு காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு. நான் திறன்னு சொன்னா கார் காதுல எப்படி விழும்?”

“அதான் பெண்டாட்டின்னா” என்று ஆரம்பித்தவன், அவள் கயிற்றில் நகத்தை வைத்ததைப் பார்த்துப் பதறினான். “ஏய், காப்புக் கயிறு! அவுக்காத. மொதல் ஓட்டம் வேற.”

“மூணு நாளு கழிச்சுத்தான் கழட்டணும்மா” என்றார் பூசாரி. “மந்திரம் சொல்லிக் கட்டுனது.”

மணி எட்டு ஐம்பத்தாறு. கத்தரிக்கோல் அவள் இடுப்பிலேயே இருந்தது. பூக்காரிக்கு அது விரல் மாதிரி. ஆனால் வெட்டிவிட்டு மறுபடி இந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது. பெரியவர் மனமும் புண்படும். ரதி பேரத்தில் இறங்கினாள்.

“ஐயா, இந்தக் காப்பு சாவிக்கா, காருக்கா?”

“இதென்ன கேள்வி? காருக்குத்தான்.”

“அப்ப முனீஸ்வரன் எதைக் காக்கணும்?”

“காரத்தான்.”

“நெசமாவே நல்லாத்தான் காக்குறாரு. சொந்தக்காரியக்கூட உள்ள விடல. அவரு காவல் கார்ல இருக்கட்டும்யா, சாவி என் கையில இருக்கட்டும். நான் கழட்டல. நீங்க கட்டுனத நீங்களே எடம் மாத்திக் கட்டுங்க. மந்திரம் இன்னொரு தடவ சொல்லுங்க, அதுவும் சேத்துத்தான்.”

பூசாரி தாடியைத் தடவினார். இப்படி ஒரு வழக்கு அவர் முன்னால் வந்ததில்லை. “கண்ணாடியில கட்டலாம்” என்று இழுத்தார். “உள்ள தொங்குமே, அதுல.”

“அதுக்குக் கதவு திறக்கணுமே ஐயா.”

அவர் சிரித்துவிட்டார். சாவியை வாங்கி, முணுமுணுத்தபடி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மூன்றாவது முடிச்சு பல் வரைக்கும் போனது. கடைசிச் சுற்று விலகியதும் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

ரதி அமுக்கினாள். நாலு கதவும் ஒரே குரலில் ‘டக்’ என்றன. மாலைகளின் மணம் ஒரு மூச்சாக வெளியே வந்தது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கண்ணாடியில் கயிறு ஆட, ஒன்பது நாலுக்குக் கார் செம்மண் பாதையில் இறங்கியது. “கல்ல இப்பவாவது கீழ போடுங்க” என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டுப் போனாள். தர்மராஜ் குனிந்து பார்த்தான். கல் இன்னும் கையில்தான் இருந்தது.

மண்டப வாசலில் சீதாலெட்சுமி ஆச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தேழு. அம்பாங்கான் வண்டி மரத்தடியில் நின்றது. அதன் ஓட்டுநர் பெட்டியை ஏற்கெனவே பாதி இறக்கியிருந்தார். ஆச்சி பொண்ணு மாலையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நாரை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். குறை தேடித் தேடி மூக்குதான் குளிர்ந்தது.

“மூணு நிமிஷந்தான் மிச்சம் வச்சிருக்க” என்றார்.

“நீங்க கேட்டது பத்து மணிதானே ஆச்சி.”

ஆச்சி மரத்தடிப் பக்கம் திரும்பி, வண்டி போகலாம் என்று கையை அசைத்தார். “அடுத்த மாசம் எங்க அண்ணனுக்கு எண்பதாம் கல்யாணம். சாயங்காலமா வா, பேசுவோம்.”

பேசுவோம் என்றால் ஆச்சி அகராதியில் ஆர்டர் என்று அர்த்தம், இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரத் தயாராக வேண்டும் என்றும் அர்த்தம். ரதி தயார்தான். மாலைகளை இறக்கிவிட்டுக் காரைப் பூட்டினாள். இரண்டடி நடந்தாள். திரும்பினாள். திறந்தாள், பூட்டினாள், மறுபடி திறந்து பார்த்து மறுபடி பூட்டிய பிறகுதான் பந்திப் பக்கம் போனாள்.