பெயர் ஒட்டாத பாக்கெட்டுகள்

அக்கா வேலை பார்த்தது நொறுக்குத்தீனி செய்யும் கம்பெனி ஒன்றில், ருசிப் பிரிவில். வறுவல் மேல் தூவுகிற தூளைக் கலப்பது அவள் பொறுப்பு. உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, உப்புக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற இனிப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவள் கையில். நாள் முழுக்க வாயில் போட்டு மெல்வாள், பக்கத்தில் இருக்கிற வாளியில் துப்பிவிடுவாள். ஒரு வாய்கூட விழுங்க மாட்டாள். வீட்டுக்கு வந்தால் வேகவைத்த காயும் மோரும். நாற்பதைத் தொடுகிற வயதிலும் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள்.

தங்கையை வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் போன பிறகு இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். குட்டி தையல்காரி. புதிதாகத் தைப்பதில்லை, தைத்ததைத் திருத்துவாள். பேன்ட் காலைக் குட்டையாக்குவது, இடுப்பை உள்ளே பிடிப்பது, போன ஜிப்பை மாற்றுவது. ஜன்னலோரம் மெஷின், எதிரே டி.வி. காலையில் உட்கார்ந்தால் விளக்கு போடுகிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள். மதியச் சாப்பாடு பல நாள் மறந்து போகும்.

அந்த மெஷின் பலகையின் மூலையில் அக்கா ஒருநாள் கிண்ணம் நிறைய வறுவலைக் கொட்டி வைத்தாள்.

"என்னக்கா, பாக்கெட்ல பேரே இல்ல?"

"இன்னும் கடைக்கு வரலடி. ஊர் தின்றதுக்கு முன்னாடி நீ தின்னு."

குட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. டி.வி.யைப் பார்த்தபடி தைத்தாள், தைத்தபடி தின்றாள். எதிரே நாற்காலியில் அக்கா மோர் டம்ளரோடு உட்கார்ந்தாள். அவளும் டி.வி. பார்ப்பதாகத்தான் குட்டி நினைத்தாள். அக்கா பார்த்தது கையை.

துணியில் எண்ணெய் படக் கூடாது என்று குட்டி மடியில் ஒரு பழந்துணி வைத்திருப்பாள். ஒரு வாய் போட்டதும் விரலைத் துடைத்துக்கொண்டு தையலுக்குப் போவாள். துடைத்த கை நேராகத் தையலுக்குப் போனால், அந்தத் தூள் தோற்றது. துடைத்த பிறகும் தையலைத் தொடாமல் மறுபடி கிண்ணத்துக்கே போனால், தூள் ஜெயித்தது. இது அக்காவுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. ருசி பார்க்கக் கம்பெனி வரவழைக்கிற ஆட்கள் வெள்ளை அறையில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பதில் சொல்வார்கள். கூலி வாங்குகிற நாக்கு கொஞ்சம் பொய் சொல்லும். குட்டியின் கைக்குப் பொய் தெரியாது.

அதன் பிறகு தினம் ஒரு கிண்ணம். குட்டி பாதியில் நிறுத்தினால், மறுநாள் அக்கா உப்பைப் பொடியாக்கி நாக்கில் பட்டதும் கரைகிற மாதிரி செய்வாள். வறுவலைச் சன்னமாக்குவாள். வாயில் போட்டதும் காணாமல் போய்விட வேண்டும், வயிற்றுக்குத் தகவல் போகக் கூடாது. கடைசியில் துளி புளிப்பு நிற்க வேண்டும், அடுத்ததைக் கேட்க. கிண்ணமும் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. அதைக் குட்டி கவனிக்கவில்லை.

கவனித்தது மற்றவர்கள். மாடிப்படியில் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "ஒரு வீட்டுக் காத்தைக் குடிச்சு ஒருத்தி ஊசியா இருக்கா, ஒருத்தி உரலா இருக்கா!" என்று சிரித்தாள். குட்டி தன் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள். பிரிக்க இடம் தீர்ந்ததும் பட்டை வைத்துத் தைத்தாள். தையல்காரி என்பதால் யாரிடமும் அளவு கொடுக்க வேண்டியதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

அவளுக்கு நூலும் பொத்தானும் கொண்டுவருகிற வியாபாரி ஒருவன் இருந்தான். வேண்டாத நாளிலும் பொத்தான் கொண்டுவருவான். குட்டியும் வேண்டாத பொத்தானை வாங்கி வைப்பாள். ஒருநாள் அவன் தன் அக்காவைக் கூட்டிவந்தான். அந்த அம்மாள் குட்டியை மேலிருந்து கீழே பார்த்தாள். தேநீரை நின்றபடியே குடித்தாள். படியிறங்கும்போது தம்பியிடம் சொன்னது வீட்டுக்குள் வரை கேட்டது.

"ஒரு பொண்ணுன்னு சொல்லித்தானேடா கூட்டிட்டு வந்தே? அங்க ரெண்டு பேரு சேர்ந்து உட்கார்ந்திருக்காங்க."

அவன் சிரித்தான். அதுதான் குட்டிக்குத் தாங்கவில்லை. அவனும் சிரித்தான். அடுத்த வாரம் நூலை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினான்.

அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில் அக்கா வந்து உட்கார்ந்தாள். தலையைத் தடவினாள். "விடுடி, அவனுக்குக் கொடுத்து வைக்கல" என்றாள். பிறகு ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். அழுகிறவர்கள் இனிப்பைத் தேடுவார்களா, உப்பைத் தேடுவார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முட்டி வலி வந்தது. மெஷினை மிதிக்க முடியவில்லை. அக்காதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் எடுத்தார், சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது என்றார்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"சாப்பாடு ரொம்பக் கம்மிதான் டாக்டர்."

"கம்மியா சாப்பிட்டா இந்த உடம்பு காத்துலயா வந்துச்சு? நொறுக்குத்தீனி?"

குட்டி தலையைக் குனிந்தாள். அக்கா குறுக்கே வந்தாள்.

"நானும் தொண்டை வத்தச் சொல்லிப் பார்த்துட்டேன் டாக்டர். வாயைக் கட்ட மாட்டேங்குறா."

குட்டிக்கு அக்கா மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் அருவருப்பு வந்தது. ஒரு தாய் மாதிரி கவனிக்கிறவளை அடுத்தவர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து கிண்ணத்தைத் தொடவில்லை. தைக்கும்போது டி.வி.யை அணைத்து வைத்தாள். நேரத்துக்கு உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். மாலையில் தெருவை ஒரு சுற்று நடந்தாள், மூச்சு வாங்கினாலும் நடந்தாள். அக்கா கிண்ணத்தை வைப்பாள், அது அப்படியே இருக்கும். "உனக்கு வேணாம்னா குப்பையில கொட்டிடுறேன். ராவும் பகலும் நின்னு செஞ்சது, பரவாயில்ல" என்பாள். குட்டி உதட்டைக் கடித்துக்கொள்வாள். சட்டை தளர ஆரம்பித்தது. முதல் முறையாகத் தன் சட்டையை உள்ளே பிடித்துத் தைத்தாள், தைக்கும்போதே தன்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

அக்காவின் கலவைகள் அத்தனையும் தோற்றுக்கொண்டிருந்தன. கம்பெனியில் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் யோசித்தாள். வாயைக் கட்டியிருக்கிறவளை நாக்கால் பிடிக்க முடியாது, மூக்கால் பிடிக்கலாம். வெண்ணெய் சுடுகிற வாசனை, அதற்கு அடியில் அம்மாவின் அடுப்பில் பால் தீய்ந்துபோகிற வாசனை. அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த வாசனை அது. அதைத் தூளில் ஏற்றினாள். பாக்கெட்டைக் கிண்ணத்தில் கொட்டவில்லை. வாயைப் பிரித்து, ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது பாக்கெட் காலி. குட்டி அதன் உள்பக்கத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வடிந்தது. கை நிற்கவில்லை.

"அக்கா, இன்னொண்ணு இருக்கா?"

"இருக்குடி" என்றாள் அக்கா.

அந்தத் தூள்தான் சக்கைப்போடு போட்டது. பெட்டிக்கடையில், பள்ளி வாசலில், பஸ் நிலையத்தில், எங்கு பார்த்தாலும் அந்த மஞ்சள் பாக்கெட். குட்டிக்கும் வேலை குவிந்தது. எல்லோரும் ஒரே வேலைதான் கொண்டுவந்தார்கள்: இடுப்பைப் பிரித்து விட வேண்டும். போன வருடம் பிடிக்கச் சொன்னவர்களே இந்த வருடம் பிரிக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா தன் மகனின் பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்து, "தைச்சு மூணு மாசம் ஆகல, பொத்தான் தெறிக்குது" என்றாள். அந்தப் பையன் வாசலில் நின்று மஞ்சள் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். அவன் விரலைச் சட்டையில் துடைத்தான், மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டான்.

அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. பாராட்டுவதற்கு மேலாளர் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர்தான், வாய் மட்டும் ஓட்டை. குட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"இவங்கதானா! அம்மா, எங்க கம்பெனியே உங்க கையை நம்பித்தான் ஓடுது."

"என் கையா சார்?"

"பின்ன? துடைச்ச கை மறுபடி கிண்ணத்துக்குப் போகுதான்னு உங்க அக்கா தினம் பார்த்துச் சொல்வாங்க. நீங்க பத்தியம் இருந்தப்போ நாங்க எல்லாரும் பயந்துட்டோம். அப்பத்தான் இவங்க சொன்னாங்க, 'இவளையே சாய்க்கிற மாதிரி ஒண்ணு செஞ்சா, ஊர்ல எவன் சார் தப்பிப்பான்'னு. சொன்னபடி சாய்ச்சுட்டாங்களே!"

அவர் மனம்விட்டுச் சிரித்தார். அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் போன பிறகு குட்டி எழுந்தாள். சமையலறை வாசலில் வந்து நின்றாள். வாசல் நிறைந்துபோயிற்று.

"டாக்டர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"

அக்கா கோப்பையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். "நானா ஊட்டுனேன்? உன் கை, உன் வாய். வேணாம்னு தள்ளியிருக்கலாம்ல?"

"தள்ளுனேன்க்கா."

"தள்ளுனே. அப்புறம் தின்னேல்ல?"

 குட்டி திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. நினைக்கிறேன்க்கா" என்றாள். அக்கா அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள். சொந்தத் தங்கை, எங்கே போய்விடப் போகிறாள்?

மறுநாளிலிருந்து கிண்ணம் வழக்கம்போல் வந்தது. குட்டி வழக்கம்போல் தின்றாள். ஆனால் கையால் பொய் சொல்கிற விதம் அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. நன்றாக இருந்த தூளைப் பாதியில் விட்டுத் தையலுக்குப் போனாள். வாய்க்குள் எச்சில் ஊறி வழிய, ஊசியில் நூல் கோத்தாள். அப்புறம் ஒன்று வந்தது. சோப்பு நக்கின மாதிரி ஒரு கசப்பு கடைசியில் நின்றது. துடைத்தாள், எடுத்தாள். துடைத்தாள், எடுத்தாள். குமட்டலை விழுங்கிக்கொண்டு கிண்ணத்தின் அடியைத் தட்டித் தின்றாள்.

"அக்கா, இதை இன்னும் கொஞ்சம் கொண்டா."

அக்காவின் முகம் மலர்ந்தது. கம்பெனியில் இருந்த சின்னவர்கள் கசக்கிறது என்றார்கள். அவள் நாக்கும் அதைத்தான் சொன்னது, ஆனால் அவள் நம்பியது குட்டியின் கையை. "உங்க நாக்குக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பார்த்தேன்" என்று அடித்துப் பேசினாள். சொல்கிறவள் அவள் என்பதால் கம்பெனி முழுதாக இறங்கியது. சுவரெல்லாம் விளம்பரம்.

சரக்கு வந்த வேகத்தில் திரும்பியது. வாங்கியவர்கள் கடைக்காரர் முகத்தில் விட்டெறியாத குறை. லாரி லாரியாகப் பாக்கெட்டுகள் கிடங்குக்கே வந்து சேர்ந்தன, உடைத்துக் கொட்டிப் பன்றிப் பண்ணைக்கு அனுப்பினார்கள். அக்காவை முதலில் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு வர வேண்டாம் என்றார்கள்.

வேலை போன அன்று அக்கா கதவருகே நின்று தங்கையைப் பார்த்தாள்.

"உனக்கும் அது கசந்துச்சா?"

"வேம்பு மாதிரி கசந்துச்சுக்கா."

அக்கா பாய்ந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கைதான் வலித்தது. குட்டி அசையக்கூட இல்லை, தைத்துக்கொண்டிருந்த மடிப்பை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒருநாள் காலையில் மேலாளர் மறுபடி வந்தார். இந்த முறை பூங்கொத்து இல்லை. அக்காவைத் தாண்டிப் போய்க் குட்டியின் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, நான் சுத்தி வளைக்க விரும்பல. உங்க அக்கா தப்பாப் பார்த்துட்டாங்க, உங்க கை தப்பில்ல. நீங்க நேரா எங்ககிட்ட வந்து உட்கார்ந்துடுங்க. கார் அனுப்புறேன்."

அவர் போனதும் அக்கா தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள். "போகாதடி. உன்னைக் கொன்னுடுவாங்க. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"வீட்ல சும்மாவே தின்னேன். அங்க சம்பளத்துக்குத் தின்றேன். எனக்கு இனிமே நிறுத்த வராதுக்கா. நிறுத்தத் தெரிஞ்ச நாளும் இருந்துச்சு, அதை நீதானே முடிச்சு வச்சே."

குட்டி போனாள். வெள்ளை அறையில் அகலமான நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், எதிரே டி.வி., மடியில் துண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கையைப் பார்த்தார்கள். அவள் உண்மையாகத் தின்றாள். வேண்டாததைத் தள்ளினாள், வேண்டியதைக் கிண்ணம் காலியாகும்வரை விடவில்லை. கம்பெனி மறுபடி எழுந்துகொண்டது. அவளுக்குச் சர்க்கரை வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மாடி ஏற முடியாமல் தரைத்தளத்தில் வீடு பார்த்தார்கள். தையல் மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. அந்தத் தொழிலில் ஒரு முறை கசந்துவிட்டால் அவ்வளவுதான். தங்கைக்குச் சமைத்தாள், துவைத்தாள், காலையில் ஊசி போட்டாள், குனிய முடியாதவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள்.

ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்க ஒரு இடம் காலியாமே. சார்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். கலக்குற வேலைதான் எனக்குத் தெரியும்."

"கேக்குறேன்க்கா."

கேட்கத் தேவையே வரவில்லை. அன்றைக்கு மேலாளரே அந்தப் பேச்சை எடுத்தார். "கசப்பு கதையெல்லாம் பழசாயிடுச்சு. என்ன இருந்தாலும் உங்க அக்கா மாதிரி கைப்பக்குவம் இங்க யாருக்கும் இல்ல. திரும்பக் கூப்பிடலாமான்னு யோசிக்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?"

குட்டி துண்டில் விரலைத் துடைத்தாள்.

"வேணாம் சார். அவளுக்கு நாக்கு செத்துப்போச்சு. வீட்ல உப்பு போட்டாளா இல்லையான்னே தெரியாம சமைக்கிறா."

மாலையில் கார் வாசலில் இறக்கிவிட்டபோது அக்கா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். மூச்சு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். இடம் இல்லையாம்."

 அக்கா எழுந்துபோய் வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். குட்டியின் வீங்கிய காலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டாள்.

"சூடு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றாள் குட்டி. "கால்ல எதுவும் தெரிய மாட்டேங்குது."