படு என்றால் படுக்க வேண்டும்

பாய்ப்படகில் கரையோரமாகத் திரிவது சுகமான காரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் பாய்க்கட்டையிடம் அடி வாங்காதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாயின் அடிப்பக்கத்தை விரித்துப் பிடிக்கும் நீளமான மரம் அது. படகு திசை மாறும்போதெல்லாம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விசுக்கென்று போகும். இடையில் தலை இருந்தால் அதையும் தட்டிக்கொண்டு போகும்.

நான் வட்டக்கச்சியில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். எங்களுக்குக் கடல் என்பது காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரரின் சைக்கிள் பெட்டி, அவ்வளவுதான். என்னைக் கட்டிய கிருசாந்தன் வவுனியா ரவுணில் வளர்ந்தவர். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரரைப் பாய்ப்படகில் ஏற்றி இறக்கியே இளமையைக் கழித்தவர். ஊருக்கு வந்தார், கல்யாணம் கட்டினார், பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப் பாயும் கட்டினார். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை நாங்கள் இருவரும் போய்ப் பழகிவிட்டால், பிறகு உல்லாசப் பயணிகளை ஏற்றலாம் என்பது திட்டம். சுக்கானுக்கு ஒருவர் வேண்டும், பாய்க்கயிற்றுக்கு ஒருவர் வேண்டும். கயிற்றுக்காரி நான்.

முதல் நாள் அளம்பில் ஊரைத் தாண்ட முன்னமே பிரச்சினை வந்தது. காற்று மாறியது. பின்னாலிருந்து அவர் கத்தினார்.

"கௌசலா, குனி!"

குனிவது என்றால் கழுத்தை மடக்குவது. நானோ கயிற்றை விட்டுவிட்டுப் படகின் அடியில் குப்புற விழுந்தேன். இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன். பாய் படபடவென்று அடித்தது, படகு சரிந்து உள்ளே தண்ணீர் ஏறியது.

"என்னப்பா இது? குனியச் சொன்னால் நித்திரைக்குப் போறீர்!" என்று அவர் சிரித்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நீங்கள் சண்டையை வவுனியாவிலை இருந்து ரீவியிலை பாத்தனீங்கள். நாங்கள் ஊரை விட்டு ஓடிவந்து, ஷெல்லடிக்குப் பயந்து இந்தக் கரையிலை பங்கருக்குள்ளை கிடந்தனாங்கள். எனக்குப் பின்னாலை நிண்டு கத்தப்படாது, விளங்குதோ? இன்னொருக்காக் கத்தினால் கொக்கிளாயிலை இறங்கி பஸ்ஸிலை போவன். நீங்கள் படகை வித்துப்போட்டு ஆட்டோ ஓடுங்கோ."

மனிதர் சொல்லுக் கேட்கிறவர், அதுதான் வில்லங்கம். அடுத்த நாள் செம்மலைக்கு நேரே வரும்போது கட்டை அசைவதைக் கண்டார், வாயைத் திறந்தார், நினைவு வந்து மூடிக்கொண்டார். கட்டை என் நெற்றியில் 'டங்' என்று விழுந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"கத்தப்படாதெண்டீர்."

"அதுக்கு? மெதுவாச் சொல்லுறது!"

"மெதுவாச் சொல்ல எங்கையப்பா நேரம்?"

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியை நனைத்து என் நெற்றியில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "கொக்கிளாயோடை விடுவம். உமக்கு ஏலாதெண்டால் வேண்டாம்," என்றார். முகம் சின்னப்பிள்ளையின் முகம்போல் வாடிப்போயிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், விட எனக்கும் மனமில்லை. கடலிலிருந்து பார்க்கும்போது அந்தக் கரை வெறும் மணலும் பனையுமாகத்தான் தெரிந்தது. அப்படிப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில், "சுக்கானை நான் பிடிக்கிறன். கத்த வேண்டியதையும் நானே கத்திறன்," என்றேன். அவருக்குச் சந்தோசம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டு வேறு முணுமுணுத்தார். நாயாறு தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை.

கொக்கிளாயில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. நேரே கரைக்குப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் போகவேண்டும். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று காற்று அடித்தது, கட்டை புறப்பட்டது.

"படு!" என்று கத்தினேன்.

குனி என்று கத்தத்தான் நினைத்தேன். வாயில் வந்தது அதுதான். அவர் படுக்கவில்லை, குனியவுமில்லை. நிமிர்ந்து, திரும்பி என்னைப் பார்த்து, "என்ன?" என்று கேட்டார்.

கட்டை அவரின் தோளில் அடித்துக் கடலுக்குள் தள்ளியது. நான் பாய்க்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். படகு நின்றது. நல்ல நீச்சல்காரர், வந்து விளிம்பைப் பிடித்து ஏறி, உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பிச் சிரித்தார்.

"என்ன சொன்னனீர்? எனக்கு விளங்கேல்லை."

என் கை சுக்கானை விட்டு வரவில்லை.

"ரஜிதனும் இப்பிடித்தான் கேட்டவன்," என்றேன்.

ரஜிதன் என் தம்பி. அவனை இவர் எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தில்தான் கண்டிருக்கிறார். எப்படிச் செத்தான் என்று நான் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

"ஷெல் கூவிற சத்தம் கேட்டு நான் படு எண்டு கத்தினனான். அவன் திரும்பி, என்னக்கா எண்டு கேட்டவன். அவ்வளவுதான்."

அவரின் சிரிப்பு நின்றது. பாயைச் சுருட்டினார், துடுப்பை எடுத்து வலித்துக் கரை சேர்த்தார். இறங்கியதும் நான் கேட்காமலே என் பையைத் தூக்கிவந்து மணலில் வைத்தார். றோட்டில் பஸ் நின்றது.

"பையை விடுங்கோ," என்றேன். "நடவுங்கோ."

"எங்கை?"

"சும்மா அங்காலை நடவுங்கோ."

நடந்தார். பின்னால் நின்று, "படு!" என்று கத்தினேன். திரும்பினார்.

"என்ன..."

"கேக்கப்படாது! படு எண்டால் படுக்கவேணும்! திரும்பவும் நடவுங்கோ!"

திரும்பவும் நடந்தார், திரும்பவும் கத்தினேன். முழங்காலில் குந்தினார். "அது காணாது!" என்றேன். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். "பிள்ளை, அந்தாள் பாவம், விடும்," என்றார் ஒருவர். நான் விடவில்லை. அவரின் சேட்டெல்லாம் மணல்.

கடைசியில் நான் சொல்லி முடிக்க முன்னமே ஆள் தொப்பென்று விழுந்தார். முகம் மணலுக்குள். தலையைத் தூக்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. கிட்டப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு அழ எனக்கு நேரம் கிடைக்காமல் போன என் தம்பிக்காக, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதேன்.

"எழும்பலாமோ?" என்று மணலுக்குள் இருந்தே கேட்டார்.

"ஓம், எழும்புங்கோ," என்றேன்.